ஊர் கேளாத அறை

யாழ்ப்பாணத்திலே ஒருவரின் பெயரைக் கேட்பது பெயரை அறிவதற்காக மாத்திரம் அன்று. "ஆர் தம்பி நீர்?" என்று தொடங்கும் வினா, "எந்த ஊர்?" என்று நகரும், ஊருக்குள் "எந்தக் குறிச்சி?" என்று நுழையும், "ஆரின்ட மகன்?" என்று முடியும். அந்த நாலாவது விடையோடு கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். வந்தவரைக் கதிரையில் இருத்துவதா, திண்ணையில் இருத்துவதா, முற்றத்தில் நிறுத்துவதா என்ற தீர்மானம் அவர் மனத்தில் அமைந்துவிடும். இந்த நாலு வினாக்களுக்கும் விடை சொல்லி வளர்ந்தவன் நான். பிறரிடம் அவற்றைக் கேட்டும் வளர்ந்தவன்.

அவ்வினாக்கள் எழாத ஓர் அறைக்குள் நான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது எனக்கு வயது 47. அது கோயிலும் அன்று. கட்சிக் காரியாலயமும் அன்று. குடியை விட விரும்பியும் விட முடியாதவர்கள் கிழமைக்கு ஒருமுறை கூடும் அறை. அதைத் தேடிச் சென்ற கதையை இங்கு எழுதப் புகுந்தது, என் குற்றங்களைச் சந்தியிலே பரப்பி இரக்கம் தேடுவதற்காக அன்று. குடியைப் பற்றி எங்கள் சமுதாயம் பேசும் பேச்சிலே ஒரு பெரும் பொய் உண்டு. அந்தப் பொய்யின் நிழலிலே இருபது ஆண்டுகள் சுகமாக ஒதுங்கியிருந்தவன் என்ற முறையில், அதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு என நினைக்கின்றேன்.

எங்கள் ஊர் வலிகாமத்திலே உள்ளது. என் தந்தையார் ஆசிரியர். மாலை வேளைகளில் சால்வையைத் தோளில் இட்டுக்கொண்டு பனங்காணிப் பக்கம் 'காற்று வாங்க'ப் போவார். காணி மூலையிலே சீவல் தொழிலாளி ஒருவரின் குடிசையும் முற்றமும் இருந்தன. அங்கே முட்டியிலிருந்து பிளாவில் கள் வார்க்கப்படும். பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய குவளை. குடித்து முடிந்ததும் எறிந்துவிட்டுப் போகலாம். குடித்தவரின் கையில் எந்த அடையாளமும் மிஞ்சாது.

தந்தையார் அவருடைய முற்றத்திலே இருந்து குடித்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நின்ற இடமோ எங்கள் வேலிக்கரை. அவருக்குத் தண்ணீர் வார்ப்பதற்கென்று குசினியின் வெளித் தாழ்வாரத்தில் ஒரு சிரட்டை தொங்கிற்று. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதரை எட்டு வயதுச் சிறுவனாகிய நான் 'நீ' என்று விளித்தேன். அவர் என்னைச் 'சின்ன நயினார்' என்றார்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே போராட்டம் நடந்தது. அப்பொழுது எனக்கு வயது 12. பெரியவர்கள் இரகசியக் குரலில் இவற்றைப் பேசிக்கொண்டது நினைவிருக்கின்றது. எங்கள் தாழ்வாரத்துச் சிரட்டை மட்டும் தொங்கிய இடத்திலேயே தொங்கிற்று.

நானும் ஆசிரியனானேன், நானும் அதே பனங்காணிக்குக் காற்று வாங்கப் போனேன். வாலிப வயதில் இடதுசாரி நூல்களைப் படித்தவன் ஆகையால் மேடைகளில் பேசவும் அறிந்திருந்தேன். பாடசாலையிலே மதுவிலக்குப் பற்றிப் பேச வேண்டுமென்றால் என்னைத்தான் அழைப்பார்கள். "உழைக்கும் வர்க்கத்தின் காலிலே பூட்டப்பட்ட விலங்கே மது" என்று முழங்கிவிட்டு இறங்குவேன். அப்பொழுது என் தோற்பைக்குள் அரைப் போத்தல் சாராயம் இருக்கும்.

நான் சொல்ல வந்த பொய் இங்கேதான் இருக்கின்றது. எங்கள் ஊரில் ஒரு கூலித் தொழிலாளி ஒழுங்கையில் தள்ளாடினால் அவன் வெறிகாரன். நான் பாடசாலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தால், "மாஸ்டருக்கு வருத்தம்" என்றார்கள். ஒரே சரக்கு, ஒரே ஈரல், ஒரே நடுக்கம். பெயர்கள் மட்டும் இரண்டு. என்னைக் காப்பாற்றுவதாக எண்ணி உற்றார் போர்த்திய அந்த மரியாதைப் போர்வைக்குள்ளே நான் மெல்ல மெல்ல அழுகிக்கொண்டிருந்தேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் வீதிக்கு வந்தது. மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கானோருள் நானும் என் மனைவியும் ஆறு வயது மகளும் வயோதிபத் தாயாரும் இருந்தோம். அடுத்த ஆண்டு தாயார் என் தமக்கையுடன் ஊர் திரும்பினார். நாங்கள் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். யுத்தமே என்னைக் குடிகாரனாக்கியது என்று நெடுங்காலம் சொல்லி வந்தேன். யுத்தம் பலரைக் குடியிலே தள்ளியது உண்மை. ஆனால் அதே பாலத்தை அதே மழையில் கடந்த என் மனைவி குடிக்கவில்லை. அவள் கடன்பட்டு ஒரு தையல் இயந்திரம் வாங்கினாள்.

2003ஆம் ஆண்டு, மகளின் காப்பை எடுத்துச் சென்று அடைவு வைத்தேன். அவளுக்கு அப்பொழுது வயது 14. அது அவளுடைய அம்மம்மா கொடுத்த காப்பு. "திருத்தக் கொடுத்திருக்கிறன்" என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை, தந்தையின் பொய்யை அறிந்தும் தந்தையின் மானத்தைக் காப்பதற்காக மௌனம் சாதித்தது. ஊரார் எனக்காகக் காத்த மௌனத்தைக் குழந்தையும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பது அந்தக் கணத்திலே விளங்கிற்று. வட்டி கட்டாத காப்பு பின்னர் ஏலத்திலே போயிற்று.

அன்றிரவு, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். மனவலிமை மிக்கவன் என்று என்னை நானே எண்ணியிருந்தமையால் எவரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். மறுநாள் கைகள் நடுங்கின, உடல் வியர்த்தது. அதற்கடுத்த நாள் வலிப்பு வந்து கீழே விழுந்தேன்.

வைத்தியசாலையிலே கண் விழித்தபோது இளம் வைத்தியர் ஒருவர் சொன்ன விடயம் எல்லோரும் அறிய வேண்டியது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் சித்தம் கலங்கி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தோன்றலாம். கவனியாது விட்டால் உயிரும் போகலாம். ஆகவே நிறுத்துவதற்கு முதலே வைத்தியரைக் காண வேண்டும். மருந்தும் தயமின் என்னும் விற்றமினும் கொடுத்து, சில நாட்களில் உடலை அந்த ஆபத்திலிருந்து மீட்டுவிடலாம்.

வீடு திரும்பும் நாளன்று அவர் மேலும் சொன்னார்: "ஐயா, நடுக்கத்தை மருந்தால் நிற்பாட்டியிருக்கிறம். நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு உங்களுக்குத் தேவைப்படுறது மருந்தில்லை, ஆக்கள்." மருந்துத் துண்டின் பின்புறத்திலே ஒரு தேவாலய மண்டபத்தின் இடத்தையும், கிழமையையும், நேரத்தையும் எழுதித் தந்தார்.

அந்தத் துண்டு மூன்று மாதம் என் சட்டைப் பையிலே இருந்தது. அம்மூன்று மாதங்களில் இருமுறை மீண்டும் குடித்தேன்.

முதல் தடவை மண்டபத்தின் படலை வரை சென்றேன். வீதியாலே என் மாணவன் ஒருவனின் தாய் வருவது தெரிந்தது. பஸ் தரிப்பிடத்தைத் தேடுபவன் போலப் பாசாங்கு செய்து அப்பாலே நடந்தேன். இரண்டாம் தடவை வேண்டுமென்றே நாள் மாறிப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே பாடகர் குழாம் பயிற்சி செய்துகொண்டிருந்தது. "கூட்டம் இல்லை, நான் என்ன செய்வது" என்று மனைவியிடம் சொல்லக் கிடைத்த சாட்டு எனக்கு மகிழ்ச்சியைக்கூடத் தந்தது. சாராயத் தவறணைக்குள் பட்டப்பகலில் தலை நிமிர்ந்து நுழைந்தவன், குடியை விடும் இடத்துக்குள் இருளிலே நுழைவதற்கு வெட்கப்பட்டேன். இது என் ஒருவனின் கோழைத்தனம் மாத்திரம் அன்று. குடிப்பதை மன்னிக்கும் சமுதாயம், குடிநோயை ஒப்புக்கொள்வதை மன்னிப்பதில்லை.

மூன்றாம் தடவை உள்ளே போனேன்.

பதினொரு பேர் வட்டமாக இருந்தார்கள். பிளாஸ்ரிக் கதிரைகள், மூலையிலே ஒரு தேநீர்க் கேத்தில். எவரும் எழுந்து வரவேற்கவில்லை. எவரும் திரும்பி முறைக்கவுமில்லை. வங்கி உத்தியோகத்தர் போன்ற தோற்றமுடையவர் ஒருவர் தன் முதற் பெயரை மட்டும் சொல்லித் தன் கதையை ஆங்கிலத்திலே சொன்னார். அடுத்தவர் சிங்களத்தில் தொடர்ந்தார். அறிவுரை இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் நன்றி சொன்னார்கள். என் முறை வந்தபோது பெயரை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அடுத்த வினாவுக்காக என் உடல் தானாகவே காத்திருந்தது. "எந்த ஊர்?" என்று எவரும் கேட்கவில்லை. பக்கத்துக் கதிரைக்காரர் தன் கதையைத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் கிழமை, ஆங்கிலத்தில் சொல்ல முயன்று முடியாமல், தமிழிலே பேசினேன். காப்பைப் பற்றிச் சொன்னேன். விளங்கியவர் அநேகமாக இல்லை. இடையில் எழுந்து போனவரும் இல்லை. கூட்டம் முடிந்ததும் முச்சக்கர வண்டி ஓட்டும் சிங்களத் தோழர் ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டி, "மாத்தயா, அடுத்த கிழமையும் வாங்க. குடிக்க மனசு வந்தா, முதல் எனக்குப் பேசுங்க, பிறகு குடிங்க" என்று தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்தார். அந்த இலக்கத்துக்கு நான் எத்தனை இரவுகள் பேசினேன் என்பதற்குக் கணக்கில்லை.

இப்படியான கூட்டங்கள் உலகிலே தோன்றிய வரலாற்றைப் பிற்பாடு அறிந்துகொண்டேன். 1935 மே மாதம் நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், வியாபார அலுவலாக ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகருக்குப் போயிருந்தார். போன காரியம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. விடுதியின் முன்கூடத்திலே நின்றபோது ஒரு பக்கத்தில் மதுச்சாலையின் ஆரவாரம் கேட்டது. மறுபக்கத்தில் தொலைபேசி இருந்தது. அவர் அந்நகரத்துத் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, பேசக்கூடிய இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அத்தேடல் அவரை டாக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கொண்டு சேர்த்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேலே இருக்க மாட்டேன் என்று வந்த வைத்தியர், ஆறு மணித்தியாலங்களுக்கு மேலாக இருந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10ஆம் நாளே 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் இயக்கத்தின் பிறந்தநாளாகப் போற்றப்படுகின்றது. பெயர் வெளியிடாக் குடிநோயாளர் என்பது அதன் பொருள்.

இந்த வரலாற்றிலே என்னைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு. பில் வில்சன் மற்றவரைத் திருத்துவதற்காகத் தேடவில்லை. தான் தவறி விழாதிருப்பதற்காகத் தேடினார். உபதேசம் செய்பவன் மேலேயும் கேட்பவன் கீழேயும் நிற்பான். இங்கே இருவரும் ஒரே குழிக்குள் நின்று ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கின்றனர். மேடையிலே மதுவிலக்குப் பேசிய எனக்கு விளங்காதிருந்த தத்துவம் இதுவே.

அந்த அமைப்பின் மரபுகள் 1950இல் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. உறுப்பினராவதற்கு வேண்டியது ஒன்றே: குடியை நிறுத்தும் விருப்பம். சந்தாப் பணம் இல்லை. உண்டியலிலே அங்கத்தவர் விரும்பி இடும் காசிலேயே செலவு நடக்க வேண்டும். வெளியார் பணம் வாங்குதல் ஆகாது. குடிநோயாளரின் குடும்பத்தவருக்கென 'அல் அனன்' என்ற தனி அமைப்பு 1951இல் உருவாயிற்று.

எனக்கு இடறிய கல் ஒன்றும் அங்கே இருந்தது. அவர்களுடைய பன்னிரண்டு படிகளிலே கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு. நாத்திகனாகிய நான் இதைச் சாட்டாக வைத்து ஓடப் பார்த்தேன். பழைய உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டு, "உம்மைவிடப் பெரிய சக்தி ஒன்று வேண்டும் என்றுதான் சொல்லுகின்றோம். கடவுள் வேண்டாமானால் இந்தப் பதினொரு கதிரைகளை நம்பும்" என்றார். தனிமனிதனைவிடக் கூட்டம் பெரியது என்பதை இடதுசாரிகளுக்கு இன்னொருவர் கற்பிக்க வேண்டியிருந்தது வெட்கத்துக்குரியதுதான். இக்கூட்டங்களால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி: 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020இல் வெளியான கொக்ரேன் மதிப்பீடு, முற்றாகக் குடியை விட்டிருக்க உதவுவதில் இவ்வழி ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சிலவற்றைவிடச் சிறந்தது எனக் கண்டது. இது எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் அன்று. என் வட்டத்திலே இருந்த மூவரைக் குடி கொண்டுபோனது. ஆயினும் அது வெறும் நம்பிக்கையும் அன்று.

யுத்தம் 2009இல் முடிந்தது. மறு ஆண்டு இடமாற்றம் பெற்று ஊருக்கு வந்தேன். நடக்கக்கூடிய தூரத்திலே ஒரு கூட்டமும் எனக்குக் கிடைக்கவில்லை. கொழும்புத் தோழரோடு தொலைபேசியிலே பேசிக் காலத்தைக் கடத்தினேன். ஒரு குழுவுக்கு இரண்டு பேர் போதும் என்பது அவர்களின் வழக்கம். இரண்டாமவரைத் தேட வேண்டும், அதற்கு முன் ஓர் அறையைத் தேட வேண்டும் என்று 2011இல் புறப்பட்டேன்.

முதலில் எங்கள் வாசிகசாலையை அணுகினேன். என் தந்தையாரும் சேர்ந்து கட்டியெழுப்பிய வாசிகசாலை அது. நிர்வாகசபையினர் மரியாதையோடு தேநீர் தந்தார்கள். பின்னர் தலைவர் சொன்னார்: "மாஸ்டர், நல்ல நோக்கந்தான். ஆனால் வாசிகசாலைக்கு ஒரு பேர் இருக்குது. அதோட, ஆரார் வருவினமெண்டு சொல்லேலாது பாருங்கோ." முதல் வாக்கியம் குடியைப் பற்றியது, இரண்டாவது வாக்கியம் சாதியைப் பற்றியது. எங்கள் ஊர்த் தமிழ் தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து, சைக்கிள் திருத்தும் கடைக்காரர் ஒருவர் என்னை வழியிலே மறித்தார். "மாஸ்டர், நீங்கள் ஒரு அறை தேடுறியளாம். என்ர கடைக்குப் பின்னால ஒரு பத்தி கிடக்குது." சற்று நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டாவது ஆளாயும் நான் வரலாமோ?"

அவர் பெயரைச் சொல்லுவது அந்த அறையின் ஒழுங்குக்கு மாறு, ஆகவே சொல்லேன். பனங்காணி மூலையிலே என் தந்தையாருக்குக் கள் வார்த்த சீவல் தொழிலாளியின் மகன் அவர். என்னிலும் இரண்டு வயது இளையவர்.

முதலாம் கூட்டத்துக்கு இரண்டு வாங்குகள் போடப்பட்டிருந்தன. நான் இருந்தேன். தன்னுடைய பத்தியிலே, தான் போட்ட வாங்கிலே, அவர் இருக்காமல் நின்றார். "இருங்கோ, நீங்கள் இருந்தாத்தான் கூட்டம் தொடங்கலாம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வாழ்நாளிலே அவரையோ அவர் வீட்டார் எவரையுமோ நான் 'நீங்கள்' என்று விளித்தது அதுவே முதற்றடவை. எனக்கு வயது அப்பொழுது 55. உழைக்கும் வர்க்கத்தைப் பற்றி முப்பது ஆண்டுகள் மேடைகளில் பேசியிருந்தேன்.

சில கிழமைகள் தன் குடியைப் பற்றி மட்டுமே பேசினார். ஒருநாள், மற்றொருவரும் எங்களோடு சேர்ந்திருந்த வேளையில், வேறு கதை சொன்னார்.

"உங்கட ஐயா குடிச்சிட்டு எறிஞ்சுபோட்டுப் போற பிளாவை நான்தான் பொறுக்கிறனான். அடியில கொஞ்சம் கிடக்கும். எட்டு வயசில அதைக் குடிச்சுத்தான் நான் பழகினனான். பெரியவனாகி நான் ஒழுங்கையில விழுந்து கிடக்கேக்க, 'பார், அவையின்ட புத்தி' எண்டு சனம் சொல்லிக்கொண்டு போகும். அதே ஒழுங்கையால உங்களையும் ஒருநாள் சைக்கிளில வைச்சுத் தள்ளிக்கொண்டு போச்சினம் மாஸ்டர். 'மாஸ்டருக்குத் தலைச்சுத்து' எண்டவை. நான் கிடந்தபடியே பார்த்தனான். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எனக்கும் ஒரு தலைச்சுத்து வரக்கூடாதோ?"

அந்த அறையிலே பதில் சொல்லும் வழக்கம் இல்லை. நன்றி என்றுதான் சொல்ல வேண்டும். நன்றி என்றேன். தேநீர் குடித்த கோப்பைகளைக் கழுவ எழுந்தேன். அவர் தடுக்க வந்தார், பிறகு தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று துடைத்து வைத்தார்.

அந்த ஒரு கூட்டம் எனக்கு உணர்த்தியதை முன்பு எந்த நூலும் உணர்த்தியதில்லை. பெயரை வெளியிடாமை என்பது வெட்கத்தை மறைக்கும் திரை என்றே அதுவரை எண்ணியிருந்தேன். மேல்சாதி என்று சொல்லிக்கொள்பவனுக்கு அத்திரை எப்போதோ கிடைத்துவிட்டது. 'வருத்தம்' என்ற சொல்லே அத்திரை. அத்திரை ஒருபோதும் கிடைக்காதவர்களுக்கும் அதைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் இடமே அந்த அறை. அங்கே நான் ஆரின்ட மகனும் அல்லன். அவரும் ஆரின்ட மகனும் அல்லர். இருவருக்கும் ஒரே வருத்தம். இருவருக்கும் ஒரே பெயர்.

2013ஆம் ஆண்டு ஒரு மழை இரவு. பாடசாலையிலே ஓய்வுபெறும் ஆசிரியர் ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து நடந்தது. கிளாசை ஒருவர் என் கையிலே திணித்தார். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். ஆனால் வீடு வந்த பின்னும் அந்த மணம் கையை விட்டுப் போகவில்லை. மனைவி மகளிடம் கொழும்புக்குப் போயிருந்தாள். பதினொரு மணிக்கு அவருக்குத் தொலைபேசியிலே பேசினேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். வேலிக்கரையிலே வழமைபோல நின்றார். "உள்ளே வாங்கோ" என்று கையைப் பிடித்து விறாந்தைக்குக் கூட்டி வந்தேன்.

உள்ளே படுத்திருந்த தாயாருக்கு அப்பொழுது 86 வயது. பார்வை மங்கிவிட்டது, காது கூர்மை. "ஆரது?" என்றார்.

"என்ர சிநேகிதர், அம்மா."

"எந்த ஊர்?"

"எங்கட ஊர்தான்."

"ஆரின்ட மகன்?"

நான் விடை சொல்லவில்லை. பொய் சொல்ல மனம் இல்லை. மெய்யைச் சொல்லி, மழையிலே எனக்காக வந்தவரைத் தாயாரின் வினாவுக்கு ஒப்புக்கொடுக்கவும் மனம் இல்லை. அவரே குரலை உயர்த்தித் தன் தகப்பனாரின் பெயரைச் சொன்னார். நெடுநேரம் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு தாயார் கேட்டார்: "அவன்ர பெடியனோ... மழையில நனைஞ்சிட்டானோ? துவாய் ஒண்டு எடுத்துக் குடு." சற்றுப் பொறுத்து, "தேத்தண்ணிக்கு எந்தக் கோப்பை எடுக்கிறாய்?" என்றார்.

குசினிக்குச் சென்று, நானும் மனைவியும் குடிக்கும் இரண்டு கோப்பைகளை எடுத்து வந்தேன். விடியும் வரை விறாந்தையிலே இருந்தோம். குடியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவருடைய தகப்பனாரின் ஏணையும் பாளைக்கத்தியும் எங்கே போயின என்று கேட்டேன்; சொன்னார். நான் குடிக்கவில்லை. துவாயும் கோப்பையும் பற்றித் தாயார் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து அவரை மதிப்பிட இன்றளவும் என்னால் முடியவில்லை.

அந்த அறை ஊரை மாற்றிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். மறுநாட் காலையில் ஒழுங்கை பழைய ஒழுங்கையாகவே கிடந்தது. வாசிகசாலை இன்னும் இடம் தரவில்லை. இரகசியமாகக் குடிக்கும் பெண்கள் எங்கள் ஊரில் இல்லை என்று எல்லோரும் சொல்லுகின்றார்கள். ஆகவே அவர்கள் வருவதற்கு ஓர் அறையும் இல்லை.

குடியின் வேரும் அந்த அறைக்கு அப்பாலேதான் இருக்கின்றது. 1840இல் அமெரிக்காவின் பல்ற்றிமோரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வோஷிங்ரோனியன் இயக்கம் மின்னலைப்போலப் பரவிற்று. பிறகு வெளி விவகாரங்களிலும் பிணக்குகளிலும் சிக்கிச் சில ஆண்டுகளிலே தேய்ந்தது. ஆகவே இன்றைய குழுக்கள் மதுச் சட்டங்களைப் பற்றிக் கருத்துரைப்பதில்லை என்று ஒழுங்கு செய்துள்ளன. அது குழுவின் ஒழுங்கு. அறையை விட்டு வெளியே வந்த பிரசையின் ஒழுங்கு அன்று. மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912இல் குடியேற்ற ஆட்சியால் இயற்றப்பட்டது. அதன் கீழ் வரும் வருமானத்திலே அரசுகள் இன்றும் தங்கியிருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும் 21 வயதுக்குட்பட்டோருக்கான விற்பனையையும் தடை செய்தது. ஆயினும் சாராயக் கடைக்குக் கிடைக்கும் இடம், அதை விட நினைப்பவனுக்குக் கிடைப்பதில்லை. போத்தலுக்கு வரி வாங்கும் கை, படுக்கைக்கும் மருந்துக்கும் எவ்வளவு கொடுக்கின்றது என்று கேட்க வேண்டியது எழுதுவோரின் கடமை.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கின்றது. கைத்தொலைபேசியிலே தேடினால் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் தெரிகின்றன. 2020இன் கொரோனாக் காலத்துக்குப் பின் திரைவழிக் கூட்டங்களும் பெருகிவிட்டன. கொழும்பிலே சுமித்ராயோ அமைப்பின் 'மெல் மெதுர' குடிக்கும் போதைக்கும் அடிமையானோருக்கு உதவுகின்றது. வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளிலும் வழி கேட்கலாம். ஆனால் படலைக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள அந்தப் பதினைந்து அடியை எந்தக் கருவியும் கடந்து தராது. அங்கே நின்று திரும்பிப் போகின்றவனை நான் அறிவேன், அவன் நானே. அவன் போகட்டும். துண்டுக் கடதாசியைக் கிழித்தெறியாமல் இருந்தாற் போதும்.

வாசிகசாலைகளையும் சனசமூக நிலையங்களையும் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிழமையில் ஒரு மாலை ஒரு மணித்தியாலம் ஓர் அறையைத் திறந்து விடுங்கள். ஒரு கேத்தில் தண்ணீரும் ஒரே மாதிரியான கோப்பைகளும் வையுங்கள். வருபவரிடம் பெயரை மட்டும் கேளுங்கள்.

எங்கள் பத்தியிலே இப்பொழுது ஏழு பேர் கூடுகின்றோம். சென்ற கிழமை புதிதாக ஓர் இளைஞன் வந்தான். வாசலிலே நின்று தயங்கியவன், எவரும் கேளாமலே தன் ஊரையும் தகப்பன் பெயரையும் சொல்லத் தொடங்கினான். சைக்கிள் கடைக்காரர் இடைமறித்தார்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. இருங்கோ. தேத்தண்ணி ஆறுது."